கடற்கரை ஏலமும் கணினி ஏலமும்

 



கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை நீண்டு கிடக்கும் நமது கரையில் பிறந்து வளர்ந்த எவருக்கும் ஏலம் என்பது புதிய சொல்லன்று. வள்ளம் கரை சேர்கிறது; மீன் மணலில் கொட்டப்படுகிறது; கூறுபவர் விலை சொல்லத் தொடங்குகிறார். சுற்றி நிற்கும் வியாபாரிகளில் ஒருவர் தலையை அசைக்கிறார், மற்றொருவர் விரலை உயர்த்துகிறார். சில நிமிடங்களில் பாரையும் அறக்குளாவும் கைமாறிப் பெட்டிகளில் ஏறிவிடுகின்றன. அங்கே மீனைக் கண்ணால் காண்கிறோம். செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். விலை கேட்பவர் யார், அவருடைய கையில் பணம் உண்டா என்பதையும் அறிவோம்.

இன்று நமது பிள்ளைகள் வேறொரு ஏலத்தில் நிற்கிறார்கள். கையடக்கத் தொலைபேசி, மடிக்கணினி, கைக்கடிகாரம், பழைய நாணயம், மோட்டார் வாகனத்தின் உதிரிப்பாகம் ஆகிய எதுவாயினும் உலகின் ஏதோ ஒரு மூலையிலுள்ள ஒருவர் இணையத்தில் ஏலத்துக்கு விடுகிறார். இங்கே பாலாவியிலோ கண்டக்குளியிலோ இருக்கும் ஓர் இளைஞர் இரவு விழித்திருந்து விலை கேட்கிறார். இந்த ஏலத்தில் இறங்கலாமா, இறங்குவதாயின் எவ்வாறு இறங்க வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் மார்க்கத்தின் நிலையைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஏலம் ஆகுமானது. அன்ஸாரிகளில் ஏழை ஒருவர் உதவி கேட்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, வீட்டில் என்ன இருக்கிறது என்று அன்னார் விசாரித்தார்கள். பாதியை விரித்துப் பாதியைப் போர்த்திக்கொள்ளும் ஒரு முரட்டுத் துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமுமே அவரிடம் இருந்தன. அவற்றை வரவழைத்துத் தமது கையில் ஏந்தி, வாங்குபவர் யார் என்று நபியவர்களே விலை கூறினார்கள். ஒருவர் ஒரு திர்ஹத்துக்குக் கேட்டார். அதற்கு மேல் தருபவர் உண்டா என்று மீண்டும் மீண்டும் வினவியபின் இரண்டு திர்ஹத்துக்கு அவை விற்பனையாயின. ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவும், மற்றதற்குக் கோடரியும் வாங்கச் செய்து, விறகு வெட்டி விற்க அம்மனிதரை அனுப்பி வைத்தார்கள். பதினைந்து நாட்களின் பின் பத்து திர்ஹத்துடன் அவர் திரும்பி வந்தார். அனஸ் (ரழி) அறிவிக்கும் இச்சம்பவம் அபூதாவூத், திர்மிதி, இப்னு மாஜா ஆகிய நூல்களில் இடம்பெறுகிறது. இதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ்கலை அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் ஏலம் கூடும் என்பதில் பெரும்பான்மை அறிஞர்கள் ஒன்றுபடுகின்றனர்.

சகோதரன் விலை பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கிடக் கூடாது என்ற தடை ஏலத்துக்குப் பொருந்தாதா எனச் சிலர் வினவுவர். விற்பவர் ஒருவருக்குக் கொடுக்க இணங்கிவிட்ட பின்னர் இடையில் நுழைவதையே அத்தடை குறிக்கும். ஏலத்திலோ விற்பவர் இன்னும் எவருக்கும் இணங்கவில்லை. மேலும் கேட்குமாறு அவரே அழைக்கிறார்.

இனி இணைய ஏலம் இயங்கும் முறையைப் பார்ப்போம். பியர் ஒமிடியார் என்பவர் 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய தளமே பின்னர் ஈபே எனப் பெயர் பெற்றது. பழுதடைந்த ஒரு லேசர் ஒளிக்கருவி 14 டொலர் 83 சதத்துக்கு அங்கே ஆரம்ப நாட்களிலேயே விலைபோயிற்று. பழுதடைந்தது என்று சொல்லியே விற்றார்கள் என்பதைக் கவனியுங்கள். குறையை மறைக்காத விற்பனை அது.

இத்தளத்தில் நீங்கள் ஒவ்வொரு படியாக விலை உயர்த்திக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. நீங்கள் தரக்கூடிய உச்ச விலையை ஒரேயொரு முறை எழுதினால் போதும். அது பிறருக்குத் தெரியாது. தளமே உங்கள் சார்பில், அடுத்தவரை முந்துவதற்குத் தேவையான அளவு மட்டும் உயர்த்திச் செல்லும். உதாரணமாக உங்கள் உச்சம் 12,000 ரூபா, மற்றவரின் உச்சம் 9,500 ரூபா, ஒரு படி 100 ரூபா எனில் பொருள் உங்களுக்கு 9,600 ரூபாவுக்குக் கிடைக்கும். புதியவர்கள் பலர் இதை விளங்கிக் கொள்வதில்லை. உச்சத்தை எழுதினால் முழுவதையும் பறித்துக் கொள்வார்கள் என்று அஞ்சி, 5,000, 5,500, 6,000 என்று சிறுகச் சிறுக ஏறுகிறார்கள். ஏற ஏறப் பொருளை மறந்து, எதிரில் நிற்பவரை வெல்வதே நோக்கமாகி விடுகிறது.

மற்றொன்று நேரம். ஈபேயில் ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும். ஆகவே கடைசி விநாடிகளில் விலை கேட்போர் அதிகம். அமேசான் நிறுவனமும் ஒரு காலத்தில் ஏலம் நடத்தியது. அங்கே இறுதி 10 நிமிடத்துக்குள் யாரேனும் விலை கேட்டால் ஏலம் நீட்டிக்கப்படும். அல்வின் ரோத், அக்செல் ஒக்கென்ஃபெல்ஸ் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் இவ்விரு தளங்களையும் ஒப்பிட்டு 2002இல் வெளியிட்ட ஆய்வு, கடைசி நேரக் கேள்விகள் ஈபேயிலேயே மிகுதி என்று காட்டியது. எனவே கடைசி நொடியில் தோற்றுவிட்டால் அதைத் துரோகமாக எண்ணிப் புலம்ப வேண்டாம். உங்கள் உச்சத்துக்கு மேல் ஒருவர் கொடுத்தார், விடயம் அவ்வளவே. உச்சத்தை எழுதிவிட்டு உறங்கச் செல்லுங்கள். இஷாவுக்குப் பின் திரையை வெறித்துக்கொண்டு இருந்து சுபஹைத் தவறவிடும் அளவுக்கு எந்தக் கைக்கடிகாரமும் பெறுமதியானதன்று.

அந்த உச்சத்தை எவ்வாறு தீர்மானிப்பது? இதற்கு நமது நாட்டிலேயே நல்ல ஆசான்கள் உண்டு. கொழும்புத் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு தொடங்கியது. அங்கே வாங்குவோர் வெறுங்கையுடன் வந்து விலை கேட்பதில்லை. மாதிரிகள் முன்னரே அனுப்பப்படுகின்றன; அவற்றைச் சுவைத்து, மதிப்பிட்டு, எந்தத் தொகுதிக்கு எவ்வளவு தரலாம் எனக் குறித்துக் கொள்கின்றனர். அதன் பின்னரே ஏலம். கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரலில், அவ்வேலம் முழுவதுமாக இணையத்துக்கு மாறியபோதும் இவ்வொழுங்கு மாறவில்லை. மண்டபம் போயிற்று, சுத்தியல் போயிற்று. முன்கூட்டியே மதிப்பிடும் பழக்கம் நிலைத்தது.

நீங்களும் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். அதே பொருள் புத்தளம் நகரில், கொழும்பில் கடைகளில் என்ன விலை? அதே தளத்தில் இதற்கு முன் விற்று முடிந்தவை எவ்வளவுக்குப் போயின? விற்பவர் கேட்கும் விலை கணக்கன்று. விற்று முடிந்த விலையே கணக்கு. அதன்பின் அனுப்பும் செலவு, வங்கியின் நாணய மாற்றுக் கழிவு, சுங்கத் தீர்வை, 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உள்ள பெறுமதி சேர் வரி ஆகியவற்றைக் கூட்டுங்கள். 8,000 ரூபாவுக்கு வென்ற பொருள் வீட்டு வாசலுக்கு வரும்போது 14,000 ரூபாவாக நிற்கலாம். கடை விலையிலிருந்து இச்செலவுகளைக் கழித்து மிஞ்சுவதே உங்கள் உச்சம். அப்பணம் இன்று உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். கடனட்டையில் வாங்கி, தவணை தவறி வட்டி கட்டும் நிலை வருமாயின், மலிவாக வாங்கிய பொருள் ஹராத்தின் வாசலைத் திறந்துவிடும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் நேர்ச்சைக்கு வந்த தேங்காயையோ கோழியையோ ஏலம் விடுவதைக் கண்டிருப்பீர்கள். ஒரு தேங்காய்க்கு ஆயிரம் ரூபா கொடுப்பவர் ஏமாந்தவர் அல்லர். மேலதிகமாகக் கொடுத்தது அவருடைய ஸதகா. அங்கே போட்டி போட்டு உயர்த்துவது அழகு. அதைப் பார்த்து வளர்ந்த நமது பிள்ளைகள், விட்டுக்கொடுக்காமல் உயர்த்துவதே ஏலத்தில் ஆண்மை என்று எண்ணி இணையத்திலும் அவ்வாறே செய்கிறார்கள். அங்கே கூடுதலாகப் போகும் பணம் எந்தப் பள்ளியின் உண்டியலுக்கும் போவதில்லை.

அடுத்தது பொருளை அறிதல். நமக்கு வடக்கே, மன்னார் மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள மரிச்சுக்கட்டியில் ஆங்கிலேயர் காலத்தில் பெரும் முத்துச் சலாபம் நடைபெற்றது. 1905ஆம் ஆண்டு மட்டும் 8 கோடிக்கும் அதிகமான சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்தின் பங்கு ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலத்தில் விற்கப்பட்டது. சிப்பிகள் திறக்கப்படாமலே விற்கப்பட்டன. வாங்கியவர் அவற்றை அழுகவிட்டுக் கழுவிப் பார்க்கும்போதுதான் உள்ளே முத்து இருக்கிறதா, இல்லையா என்று தெரியும். சிலர் செல்வந்தர் ஆயினர். பலர் நாற்றமடிக்கும் ஓடுகளுடன் ஊர் திரும்பினர். முத்துக்குளிப்பவனின் ஒரு மூழ்கலை விலைபேசுவதைத் தடுக்கும் அறிவிப்பு ஒன்று இப்னு மாஜாவில் உண்டு. அதன் தொடர் பலவீனமானது என்பர். ஆயினும் என்ன கிடைக்கும் என்று தெரியாததற்கு விலை கொடுப்பது ‘கரர்’ என்னும் தெளிவின்மை என்பதில் ஃபிக்ஹு அறிஞர்கள் உறுதியாக இருக்கின்றனர்.

இன்றைய இணையத்திலும் திறக்காத சிப்பிகள் விற்பனையாகின்றன. உள்ளே இருப்பது தெரியாத ‘அதிசயப் பெட்டி’ என்கிறார்கள். ‘பரிசோதிக்கப்படவில்லை’ என்ற குறிப்புடன் மடிக்கணினி வருகிறது. இவற்றை விட்டு விலகுங்கள். ஏனைய பொருட்களிலும் படத்தை நம்பி விலை கேட்காதீர்கள்; விபரத்தை வரிவரியாகப் படியுங்கள். கைக்கடிகாரத்தின் வெற்றுப் பெட்டியை மட்டும் விற்போரும் உண்டு. படத்தில் பெட்டி பளபளக்கும், கடிகாரம் இல்லை என்பது விபரத்தின் கடைசி வரியில் இருக்கும். விற்பவர் பற்றி முன்னர் வாங்கியோர் எழுதியவற்றில் புகழுரையைத் தாண்டிக் குறைகூறியவற்றையே முதலில் படியுங்கள்.

நம்மவர் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், கண்ணால் காணாத குறிப்பிட்ட பொருளை விற்பது கூடாது என்பதே வலுவான சொல். ஹனஃபி மத்ஹபில், வாங்கலாம், கண்டபின் வேண்டாம் எனத் திருப்பும் உரிமை உண்டு என்பர். ஆகவே, திருப்பி எடுப்பதாக எழுதி உறுதியளிக்கும் விற்பனையாளரிடம் மட்டும் கேளுங்கள். உங்கள் நிலைமையை ஊரிலுள்ள ஆலிம் ஒருவரிடம் விளக்கித் தெளிவு பெறுங்கள். தங்கம், வெள்ளி ஆகியவற்றை ஏலத்தில் எடுக்க விரும்புவோர் கட்டாயம் கேட்டறிய வேண்டும். கைக்குக் கை மாறவேண்டிய சட்டம் அங்கே குறுக்கிடுகிறது.

இனி நஜ்ஷ் என்னும் பெருங்குற்றம். வாங்கும் எண்ணமின்றி, பிறரை ஏமாற்றுவதற்காக விலையை உயர்த்துவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. மறைந்திருக்கும் வேட்டைப் பிராணியைக் கிளப்பி வலைக்குள் விரட்டுவதே அச்சொல்லின் மூலப்பொருள் என மொழி வல்லுநர் கூறுவர். மீனை விரட்டி வலைக்குள் செலுத்தும் வித்தை தெரிந்த நமக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. இங்கே மீன், நாம்தான்.

2000ஆம் ஆண்டு மே மாதம் ஈபேயில் ஓர் ஓவியம் 25 சதத்தில் ஏலத்துக்கு வந்து, புகழ்பெற்ற ஓவியர் ரிச்சர்ட் டீபென்கோர்னின் படைப்பாக இருக்கலாம் என்ற எண்ணத்தில் 135,805 டொலர் வரை உயர்ந்தது. விற்றவரும் கூட்டாளிகளும் பல பெயர்களில் தங்களுக்குள்ளேயே விலை கேட்டு ஏற்றியது பின்னர் வெளிப்பட்டது. விற்பனை இரத்தாயிற்று, வழக்கு நீதிமன்றம் சென்றது. அது பெரிய மோசடி. நமது ஊரில் நடப்பது சிறியது போல் தோன்றும். ஒருவர் தமது பழைய தொலைபேசியை ஏலத்தில் இடுகிறார். “மச்சான், நீயும் ஒரு விலை போட்டு விடு, ஏறட்டும்” என்கிறார். நண்பனுக்குச் செய்யும் உதவி என்று எண்ணி நீங்கள் ஒரு விலையைப் போடுகிறீர்கள். அந்த ஒரு விரலசைவால் முன்பின் தெரியாத ஒருவருடைய பணப்பையிலிருந்து 2,000 ரூபா கூடுதலாக எடுக்கப்படுகிறது. அது நஜ்ஷ், ஹராம். தளத்தின் விதியும் நாட்டின் சட்டமும் கூட இதை அனுமதிக்கவில்லை என்பது பிறகு பேச வேண்டியது.

சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1993 ஜூன் மாதம் புரூணையில் கூடியபோது ஏலம் குறித்து விரிவான தீர்மானம் நிறைவேற்றியது. நஜ்ஷின் வகைகளாக, வாங்க எண்ணாதவர் விலை உயர்த்துவதை மட்டுமன்றி, பொருளை இன்ன விலைக்குத் தாம் வாங்கியதாக விற்பவரோ தரகரோ பொய் சொல்வதையும், இல்லாத சிறப்புகளை ஊடகங்களில் விளம்பரம் செய்வதையும் அத்தீர்மானம் சேர்த்தது. ஏலத்தில் கலந்துகொள்வோரிடம் வாங்கும் வைப்புப் பணம், பொருள் கிடைக்காதவருக்குத் திருப்பித் தரப்பட வேண்டும் என்றும், நுழைவுக் கட்டணம் உண்மையான செலவை மிஞ்சக் கூடாது என்றும் கூறியது.

இக்கடைசி விதியைக் கொண்டு ஒரு பெரும் பொறியை இனங்காணலாம். ஒவ்வொரு முறை விலை கேட்பதற்கும் பணம் அறவிடும் ஏலத்தளங்கள் உண்டு. ஜெர்மனியில் 2005இல் தொடங்கிய சுவூப்போ என்ற தளம் இவ்வழியில் பல நாடுகளுக்குப் பரவி, 2011இல் வங்குரோத்தானது. ஆனால் அம்முறை அதனுடன் மடியவில்லை. 60,000 ரூபா பெறுமதியான தொலைபேசி 3,000 ரூபாவுக்குப் போயிற்று என விளம்பரம் சொல்லும். கணக்கைப் பாருங்கள். ஒரு கேள்விக்குக் கட்டணம் 50 ரூபா, ஒரு கேள்வியால் விலை ஏறுவது 1 ரூபா என்றால், 3,000 ரூபாவை அடைய 3,000 கேள்விகள். அவற்றின் கட்டணம் 150,000 ரூபா. வென்றவர் ஒருவர், வெறுங்கையுடன் போனவர்கள் அனைவரும் தமது பணத்தை இழந்தவர்கள். இதைத்தான் மார்க்கம் சூது என்கிறது. ஏலத்தில் தோற்பவர் எதையும் இழக்கக் கூடாது. தோற்றால் பணம் போகும் எனில் அது ஏலமன்று. அதன் பெயர் என்னவாக இருப்பினும், எவ்வளவு அழகிய தளமாக இருப்பினும், உள்ளே நுழையாதீர்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கு அதிகம் தொடர்புடையது வாகன ஏலம். ஜப்பானிய ஏலங்களில் உறுப்பினர்களே விலை கேட்க முடியும். ஆகவே நம்மவர் முகவர் மூலமாகவே எடுக்கின்றனர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட பின், மத்திய கிழக்கில் உழைத்த பணம் மீண்டும் இவ்வழியே செல்லத் தொடங்கியுள்ளது. அங்கே ஒரு வாகனம் விலைபோக ஒரு நிமிடம் கூட ஆவதில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஏலத்தாள் ஒன்று உண்டு. அதில் தர இலக்கம், ஓடிய தூரம், வாகனத்தின் வரைபடம் ஆகியன இருக்கும். வரைபடத்தில் ஏ என்பது கீறல், யூ என்பது நசுங்கல். தரத்தில் ஆர் என்றிருந்தால் விபத்துக்குப் பின் திருத்தப்பட்டது. முகவர் தரும் பிரதியை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு மூலத்தாளைத் தனியாகச் சரிபார்க்கும் சேவைகளைப் பயன்படுத்துங்கள். திருத்திய தாள்கள் உலவுகின்றன. முகவருடன் இரண்டை எழுத்தில் முடிவு செய்யுங்கள்: அவருடைய கூலி எவ்வளவு, ஏலத்தில் விழுந்த உண்மை விலையை ஆதாரத்துடன் காட்டுவாரா? ஏழு இலட்சம் குறைவாக எடுத்துவிட்டுக் கூடிய விலையைச் சொல்லும் முகவர், மேலே சொன்ன தீர்மானத்தின் பொய்த் தரகரே.

பிள்ளை உங்கள் வங்கி அட்டையைக் கேட்டால் மறுத்துவிட்டு அத்துடன் நிறுத்தாதீர்கள். அவர் நண்பனின் அட்டையைத் தேடுவார். அருகில் அமர்ந்து, மேலே சொன்ன தாளை அவரையே எழுதச் சொல்லுங்கள். முதலில் பெறுமதி குறைந்த பொருள் ஒன்றைக் கேட்கவிடுங்கள். விலை கேட்டு வென்றபின் மனம் மாறிப் பணம் செலுத்தாமல் ஒளிப்பது வாக்கு மீறல் என்பதையும் அப்போதே உணர்த்துங்கள். கடற்கரையில் கூறியெடுத்த மீனை மணலில் விட்டுப் போகும் வியாபாரியை அடுத்த நாள் எவரும் ஏலத்தில் சேர்ப்பதில்லை.

பொதி கைக்கு வந்தவுடன், திறக்கும்போதே தொலைபேசியில் படம் பிடித்துக் கொள்ளுங்கள். குறை இருந்தால் முறையிடத் தளங்கள் தரும் கால எல்லை குறுகியது. பணத்தை எப்போதும் தளத்தின் ஊடாகவே செலுத்துங்கள். ‘வெளியே அனுப்பினால் விலை குறைப்பேன்’ என்பவரை அக்கணமே விட்டுவிடுங்கள். பொதிக்காகக் காத்திருக்கும் நாட்களில், முகவரி தவறு, சிறு தொகை செலுத்துக என்று தபால் திணைக்களத்தின் பெயரில் குறுஞ்செய்தி வரலாம். அத்தகைய போலிச் செய்திகள் குறித்து அத்திணைக்களமே பொதுமக்களை எச்சரித்துள்ளது. அதிலுள்ள இணைப்பை அழுத்தாதீர்கள். பொதி இலக்கத்தை எழுதிக்கொண்டு உங்கள் ஊர்த் தபாலகத்துக்கு நேரில் சென்று கேளுங்கள்.